சிங்கப்பூர் – நியூயார்க்: 15,349 கி.மீ.யா, 16,600 கி.மீ.யா? உண்மையில் எத்தனை மணி நேரம்?

தூரக்கணக்கு (கேள்வி)

மேல்நிலை வகுப்புக் கணக்குப் பயிற்சி ஒன்றுக்காகச் சிங்கப்பூர் சாங்கியிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே. வரை நிற்காமல் போகும் விமானத்தின் தூரமும் நேரமும் வேண்டும். தேடினால் தலை சுற்றுகிறது.

தூரம்: ஒரு தளத்தில் 15,349. இன்னொன்றில் 9,537. மற்றொன்றில் 8,288. விமானத் தடத்தைக் காட்டும் தளங்களில் சில நாள்களில் 16,600-ஐ ஒட்டி வருகிறது. 2018-ல் நியூவர்க் (நியூயார்க்கை ஒட்டியுள்ள இன்னொரு விமான நிலையம்) சேவையை மறுபடி தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சொன்னது ஏறத்தாழ 16,700.

நேரம்: தூரக் கணிப்பான் 19 மணி 41 நிமிடம் என்கிறது. டிக்கெட்டில் 18 மணி 40 நிமிடம் போல் இருக்கிறது. பறந்து முடித்ததைப் பார்த்தால் அதைவிடக் குறைவு. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் இரவு 23:35-க்குக் கிளம்பி காலை 05:00-க்கு இறங்குகிறது!

எது சரி? கையால் போட்டுப் பார்க்க வழி உண்டா? 1,200 கி.மீ. அதிகம் சுற்றிப் போவதற்கு என்ன அவசியம்?

நாட்டிக்கல்

முதலில் அலகு. 15,349 கிலோமீட்டர், 9,537 மைல், 8,288 நாட்டிக்கல் மைல், மூன்றும் ஒரே தூரம்தான். ஒரு நாட்டிக்கல் மைல் 1.852 கி.மீ. விமானத் துறையில் பேச்செல்லாம் நாட்டிக்கல் மைலிலும் நாட்டிலும்தான் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல்). சில தளங்கள் வெறுமனே 'மைல்' என்று போட்டுவிட்டு நாட்டிக்கல் எண்ணைத் தருவதால் வரும் குழப்பம் இது.

இது பெருவட்டத் தூரம். பூமி உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் எந்த வழியாகப் போகுமோ அது. அதைவிடக் குறுக்கு வழி கிடையாது. நியூவர்க் என்றால் 15,344. வெறும் 5 கி.மீ. வித்தியாசம், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

16,600, 16,700 எல்லாம் பறந்த தூரம் அல்லது பறக்கத் திட்டமிட்ட தூரம். அது நாளுக்கு நாள் மாறும்.

19 மணி 41 நிமிடம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 15,349-ஐ 800-ஆல் வகுத்தால் 19 மணி 11 நிமிடம். மேலே ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்தால் 19:41. அந்தக் கணிப்பான்கள் பெரும்பாலும் இப்படித்தான் போடுகின்றன. 800 என்பது குறுந்தூர விமானத்துக்கு ஒத்துவரும் சராசரி, ஏனென்றால் அதில் ஏறுவதும் இறங்குவதுமே பயணத்தில் பெரும்பங்கு. 15,000 கி.மீ. பயணத்துக்கு அது பொருந்தாது. நீங்கள் கொடுத்த எண்களில் நான் தூக்கி எறிவது இது ஒன்றைத்தான்.

சரியாகப் போட வேண்டுமென்றால்: இந்த வழித்தடத்தில் ஓடுவது ஏர்பஸ் ஏ350-900. அதன் பயண வேகம் மாக் 0.85. பறக்கும் உயரத்தில் வெளியே மைனஸ் 56 டிகிரி வாக்கில் இருக்கும். அந்தக் குளிரில் ஒலியின் வேகம் 573 நாட். அதில் 0.85 பங்கு 487 நாட், அதாவது மணிக்கு 900 கி.மீ. சொச்சம்.

8,288 ÷ 487 = 17.02. ஆக, காற்றே இல்லாத நாளில் பெருவட்டத்தில் போனால் 17 மணி 1 நிமிடம். மெதுவாக ஏறுவதற்கும் இறங்கும்போது வரிசையில் சுற்றுவதற்கும் 15 நிமிடம். நுழைவாயிலிலிருந்து ஓடுபாதைக்கும், அந்தப் பக்கம் ஓடுபாதையிலிருந்து நுழைவாயிலுக்கும் உருண்டு போக 35 நிமிடம் வையுங்கள். மொத்தம் 17:51.

டிக்கெட்டில் இருப்பது பிளாக் டைம். சக்கரத் தடை எடுத்ததிலிருந்து மறுபடி வைக்கும் வரை. தடத்தளம் காட்டுவது பெரும்பாலும் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொட்டது வரை. இரண்டையும் ஒப்பிட்டு 'விமானம் ஒரு மணி நேரம் முன்னதாக வந்துவிட்டது' என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். போதாக்குறைக்கு, தாமதம் என்று பெயர் வாங்கக் கூடாது என்பதற்காக நிறுவனங்கள் அட்டவணையிலேயே கொஞ்சம் கூட்டித்தான் வைக்கும்.

கோளக்கோணம்

கையால் போட வழி கேட்டீர்கள். மேல்நிலை மாணவர்களுக்கு முக்கோணவியல் தெரிந்தால் போதும்.

தேவையானவை நான்கு எண்கள். சாங்கி: வடக்கு 1.36, கிழக்கு 103.99. ஜே.எஃப்.கே.: வடக்கு 40.64, மேற்கு 73.78. மேற்கு என்பதால் அது மைனஸ்.

இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.0237 × 0.6513 = 0.0155.

அடுத்து, இரண்டு அட்சரேகைகளின் கொசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்குங்கள். வித்தியாசம் 103.99 – (–73.78) = 177.77 டிகிரி. அதன் கொசைன் –0.9992. ஆக 0.9997 × 0.7588 × –0.9992 = –0.7580.

இரண்டையும் கூட்டினால் –0.7426 (கணிப்பானில் தசமத்தை வெட்டாமல் போடுங்கள்). எந்தக் கோணத்தின் கொசைன் இது என்று தலைகீழாகப் பார்த்தால் 137.95 டிகிரி. பூமியின் நடுவிலிருந்து பார்த்தால் இரண்டு ஊருக்கும் இடையே இவ்வளவு கோணம்.

ஒரு டிகிரிக்கு 111.195 கி.மீ. பெருக்கினால் 15,339.

தளங்களில் உள்ள 15,349-க்கும் இதற்கும் 10 கி.மீ. இடிக்கிறதே என்றால், நாம் பூமியைச் சரியான உருண்டையாக எடுத்துக்கொண்டோம். உண்மையில் துருவத்தில் சற்றுத் தட்டை. தளங்கள் அந்தத் தட்டையையும் சேர்த்துப் போடுகின்றன. பள்ளிக் கணக்குக்கு 15,339 தாராளம்.

தூரக்கணக்கு

நன்றி. போட்டுப் பார்த்தேன், 5,321 கி.மீ. வருகிறது. எங்கே தப்பு?

கோளக்கோணம்

மைனஸை விட்டுவிட்டீர்கள். 103.99-லிருந்து 73.78-ஐக் கழித்து 30.21 என்று போட்டிருப்பீர்கள். அப்படியானால் நியூயார்க்கை அமெரிக்காவிலிருந்து பெயர்த்து மத்திய ஆசியாவில், கிழக்கு 73.78-ல் கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அதற்கு 5,321 சரியான விடைதான்!

இன்னொரு வழக்கமான தப்பு, கணிப்பான் ரேடியனில் இருப்பது. விரிதாளில் போடுபவர்கள் டிகிரியை ரேடியனாக மாற்றிக் கொடுக்காவிட்டால் கேலிக்கூத்தான எண் வரும். 20,000 கி.மீ.க்கு மேல் எந்த விடை வந்தாலும் தப்பு, ஏனென்றால் பூமியில் இரண்டு ஊர்களுக்கு இடையே அதைவிடத் தூரம் கிடையாது.

மாணவர்களுக்குச் சுவையான ஒன்று: அந்த 177.77-ஐக் கவனியுங்கள். கிட்டத்தட்ட 180. அதாவது நியூயார்க், சிங்கப்பூருக்கு ஏறக்குறைய பூமியின் அந்தப் பக்கம். வட துருவத்தைத் தொட்டுக்கொண்டே போனால் என்ன ஆகும்? சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.64 டிகிரி, துருவத்திலிருந்து நியூயார்க்குக்கு 49.36. கூட்டினால் 138.00. மிகக் குறுகிய வழி 137.95. வெறும் 0.05 டிகிரி, ஐந்தாறு கிலோமீட்டர்தான் கூடுதல்!

பெருவட்டப் பாதையைத் தொடர்ந்து பார்த்தால், சாங்கியில் ஏறக்குறைய நேர் வடக்கே, 357 டிகிரி சொச்சம் திசையில் கிளம்பி, தாய்லாந்து, லாவோஸ் தாண்டி, சீனாவின் குன்மிங் தலைக்கு மேலே, செங்டுவுக்கு மேற்கே, மங்கோலியா, சைபீரியா, பிறகு துருவத்திலிருந்து 280 கி.மீ. தள்ளி, கனடாவின் வடகோடித் தீவுகள் வழியே நியூயார்க் வரும். சுவரில் மாட்டியிருக்கும் தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. உருண்டை ஒன்றும் நூல் ஒன்றும் போதும்.

வெள்ளைமேகம்

பூமி கிழக்கு நோக்கிச் சுற்றுவதால் மேற்கே போகும் விமானத்துக்குத் தரை தானே எதிரே வரும், சீக்கிரம் போய்விடலாம் அல்லவா? அப்படியிருக்க ஏன் பல நாள்களில் பசிபிக் வழியாகக் கிழக்கே போகிறார்கள்?

நாட்டிக்கல்

இல்லை. பூமியோடு காற்றும் சேர்ந்தே சுற்றுகிறது. விமானம் காற்றில் மிதக்கும் பொருள், காற்றையும் தரையையும் பிரித்து நிறுத்தி வைக்க முடியாது. அந்தக் கணக்கு உண்மையானால் நிலநடுக்கோட்டில் ஒரு ஹெலிகாப்டர் ஒரே இடத்தில் தூக்கி நின்றாலே மணிக்கு 1,670 கி.மீ. தாண்டிவிட வேண்டும்.

விஷயம் காற்றில் இருக்கிறது. 30,000 முதல் 40,000 அடி உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் ஸ்ட்ரீம், குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே 150 நாட்டைத் தாண்டுவது சாதாரணம். அதில் ஏறிக்கொண்டால் ஆற்றோட்டத்தில் படகு விட்ட மாதிரி.

கணக்கைப் பாருங்கள். 16,600 கி.மீ. என்பது 8,963 நாட்டிக்கல் மைல். காற்றில்லாமல் 487 நாட்டில் போனால் 18 மணி 24 நிமிடம். வழி நெடுக சராசரியாக 40 நாட் பின்காற்று கிடைத்தால் தரை வேகம் 527, நேரம் 17 மணி. பெருவட்டத்தில் காற்றில்லாமல் போகும் நேரமும் அதேதான்! பின்காற்று 50 ஆனால் 16 மணி 41 நிமிடம். அப்போது நீளமான வழிதான் வேகமான வழி. பெருவட்டத்திலோ ஜெட் ஸ்ட்ரீமைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும். பக்கக்காற்று தள்ளாமலிருக்க மூக்கைத் திருப்பி வைத்தே பறப்பதில் வேகம் கொஞ்சம் போகும், லாபம் ஒன்றும் இல்லை.

கோளக்கோணம் சொன்ன 177.77-தான் இந்த வழித்தடத்தின் சூட்சுமம். எதிரெதிர்ப் பக்கம் என்பதால் எந்தப் பக்கம் சுற்றினாலும் தூரத்தில் பெரிய நஷ்டமில்லை. டோக்கியோ வழியாக ஏறத்தாழ 16,200 கி.மீ. லண்டன் வழியாக ஏறத்தாழ 16,400. அதனால் பல நாள்களில் சிங்கப்பூரிலிருந்து பசிபிக்கைத் தாண்டிக் கிழக்கே போகிறார்கள். திரும்பும்போதும் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கேயே வருகிறார்கள். அப்படிப் போய்வந்தவர் ஒரே டிக்கெட்டில் உலகத்தைச் சுற்றிவிட்டார், பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்காது.

இதற்கு இன்னும் பளிச்சென்ற உதாரணம் டெல்லி – சான்பிரான்சிஸ்கோ. ஏர் இந்தியா முதலில் அட்லாண்டிக் வழியாக 13,900 கி.மீ. பறந்தது. 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் 15,300 ஆனது. நேரம் 14 மணி 30 நிமிடம், பழையதைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு. வகுத்துப் பாருங்கள், சராசரி தரை வேகம் 1,055 கி.மீ. வருகிறது. விமானத்தின் சொந்த வேகம் 900 சொச்சம். மிச்சமெல்லாம் காற்று போட்ட பிச்சை.

பெருவட்டத்தில் போகாததற்குக் காற்றைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. திபெத் பீடபூமியின் விளிம்பு, அதற்கு மேலே விமான அறையில் அழுத்தம் போனால் 10,000 அடிக்கு உடனே இறங்க முடியாது, மலை இடிக்கும். வான்வெளி அனுமதி இன்னொன்று: 2022-ல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்ட பிறகு ஹெல்சின்கி – டோக்கியோ விமானம் ஒன்பதரை மணி நேரத்திலிருந்து 13 மணி நேரம் வரை போய்விட்டது. இரண்டு ஊரும் நகரவில்லை, பெருவட்டத் தூரம் அதேதான்.

மூன்றாவது எரிபொருளின் குளிர். அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ மைனஸ் 40-ல் உறையத் தொடங்கும். மற்ற நாடுகளில் கிடைக்கும் ஜெட் ஏ-1 மைனஸ் 47 வரை தாங்கும். நியூயார்க்கிலிருந்து ஜெட் ஏ ஏற்றிக்கொண்டு துருவப் பக்கம் போனால் இறக்கைத் தொட்டியில் இருக்கும் எரிபொருள் மணிக்கணக்கில் குளிர்ந்துகொண்டே வரும். உறைநிலைக்கு 3 டிகிரி மேலே, அதாவது மைனஸ் 37-க்குக் கீழே விடக் கூடாது. நெருங்கினால் விமானி வேகத்தைக் கூட்ட வேண்டும் (உராய்வில் இறக்கை சற்றுச் சூடேறும்) அல்லது வெதுவெதுப்பான உயரம் தேட வேண்டும். இரண்டுமே எரிபொருளைத் தின்னும்.

எடைத்தட்டு

நேரக் கணக்கோடு எடைக் கணக்கையும் சேருங்கள், அப்போதுதான் ஏன் 10 நிமிடத்துக்காக இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்று புரியும்.

இந்த வழித்தடத்துக்கென 2018-ல் வந்தது ஏ350-900 யு.எல்.ஆர். (மிக நெடுந்தூர வகை). வழக்கமான ஏ350-900-ல் 141,000 லிட்டர் பிடிக்கும்; இதில் 165,000. புதுத் தொட்டி எதுவும் வைக்கவில்லை, இருக்கும் தொட்டிகளிலேயே குழாய் அமைப்பை மாற்றிக் கூடுதலாக நிரப்புகிறார்கள். லிட்டருக்கு 0.8 கிலோ வைத்தால் 132 டன். மொத்தமாகக் கிளம்பும்போது 280 டன்னுக்கு மேல் போகக் கூடாது. பாதிக்குப் பாதி எரிபொருள்!

மணிக்கு சராசரி 6 டன் எரிப்பதாக வைத்துக்கொண்டால் 18 மணி நேரத்துக்கு 108 டன். மிச்சம் இருப்பதில் எதிர்பாராத செலவுக்கு ஒரு பங்கு, மாற்று விமான நிலையத்துக்குப் போக ஒரு பங்கு, கடைசியாக எக்காரணம் கொண்டும் தொடக் கூடாத 30 நிமிடக் கையிருப்பு.

கூடுதலாக ஒரு டன் சுமந்தால் அந்த ஒரு டன்னைச் சுமப்பதற்கே மணிக்கு 3, 4 சதவீதம் எரியும். 18 மணி நேரத்தில் அதில் பாதியை ஒட்டிக் கரைந்துவிடும். எதிர்காற்றால் அரை மணி நேரம் கூடினால் 3 டன். பெட்டியோடு ஒரு பயணிக்கு 100 கிலோ போட்டால் 30 பேரின் எடை. அதனால்தான் இதில் 161 இருக்கைகள்தான்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதா எகானமி கிடையாது. முன்பக்கச் சரக்கு அறையையும் மூடிவிட்டார்கள்.

2004-ல் இதே சிங்கப்பூர் – நியூவர்க் வழியில் நான்கு இன்ஜின் ஏ340-500 ஓடியது. எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013 நவம்பரில் நிறுத்தினார்கள். தூரம் மாறவில்லை, காற்று மாறவில்லை. இரண்டு இன்ஜின் விமானம் வந்ததும் 2018 அக்டோபரில் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஜே.எஃப்.கே. சேவை 2020 நவம்பரில்.

ஜன்னலோரம்

கணக்கெல்லாம் சரி, டிக்கெட் எடுப்பவர்கள் தப்பு விடும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். டிக்கெட்டில் இருக்கும் எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் ஆண்டு முழுக்க யூடிசி (உலகப் பொது நேரம்) +8. நியூயார்க் குளிர்காலத்தில் –5, கோடையில் –4. ஆக வித்தியாசம் 13 அல்லது 12 மணி நேரம். மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாறும்.

நீங்கள் சொன்ன 23:35 – 05:00 உதாரணம்: குளிர்காலத்தில் சிங்கப்பூரில் 23:35 என்றால் நியூயார்க்கில் அதே நாள் காலை 10:35. அங்கிருந்து மறுநாள் 05:00 வரை எண்ணினால் 18 மணி 25 நிமிடம். முதலில் கிளம்பும் நேரத்தை இறங்கும் ஊர் நேரத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு எண்ணுங்கள். தப்பே வராது.

திரும்பும்போதுதான் மாட்டிக்கொள்வார்கள். நியூயார்க்கில் வெள்ளி இரவு 22:30-க்குக் கிளம்பினால் சிங்கப்பூரில் அப்போது சனி காலை 11:30. 18 மணி 40 நிமிடம் சேர்த்தால் ஞாயிறு காலை 06:10. டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் +2 என்று இருக்கும். அதைப் பார்க்காமல் சனிக்கிழமைக்கு ஹோட்டலும், சனி மாலைக்குச் சென்னை டிக்கெட்டும் தனியாக எடுத்தால் இரண்டும் வீண்.

சென்னையிலிருந்து போகிறவர்கள் கவனிக்க: சென்னை – நியூயார்க் பெருவட்டம் ஏறத்தாழ 13,480 கி.மீ. சிங்கப்பூர் வழியாகப் போனால் 2,920 கிழக்கே போய் அங்கிருந்து 15,349, ஆக 18,270. ஐரோப்பா, வளைகுடா வழிகளைவிட இது சுற்றுதான். சிங்கப்பூரில் வேலை இருந்தால் மட்டும் எடுங்கள்.

எகானமி வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் பிராங்பர்ட் வழி விமானம் இருக்கிறது. ஏறத்தாழ 13 மணி நேரம், இரண்டு மணி நேரம் நிறுத்தம், மறுபடி எட்டரை ஒன்பது மணி நேரம். மொத்தத்தில் நாள் ஒன்று போய்விடும், பணம் மிச்சம்.

தூரக்கணக்கு

தெளிவாகிவிட்டது. பயிற்சியில் மூன்று கேள்வியாகப் பிரித்துவிடுகிறேன்: கோணத்திலிருந்து தூரம், தூரத்திலிருந்து காற்றில்லா நேரம், பிறகு 16,600 கி.மீ. வழிக்குப் பின்காற்று எவ்வளவு இருந்தால் இரண்டு நேரமும் சமமாகும். மூன்றாவதற்கு விடை 40 நாட் என்று கொடுத்துவிடலாமா?

கோளக்கோணம்

மூன்றாவதில் மாணவர்கள் 15,339-ஐ வைத்துக்கொண்டு வருவார்கள், விடைத்தாளில் நீங்கள் 15,349 வைத்திருப்பீர்கள். கையால் போட்டால் 8,282 ÷ 487 × 60 ≈ 1,020 நிமிடம், நாட்டிக்கல் சொன்ன முறையில் 1,021. விடை 40 நாட், ஒன்றிரண்டு அங்கே இங்கே இருந்தாலும் மதிப்பெண் கொடுங்கள்.